மங்கலம் முதல் மணக்குடி வரை: நாட்டார் கூட்டமும் நாட்டுக்கு வெளியே நின்றவர்களும்

நாஞ்சில் நாட்டு வரலாறு எழுதப் புகுந்தவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் வந்ததும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சுசீந்திரத்தை ஒட்டிய ஆசிரமம் முதலிய ஊர்களில் நாட்டார் கூடி, வேணாட்டு அரசின் பெயரால் புதிது புதிதாக வந்த வசூல்களைக் கொடுப்பதில்லை என்று ஓலையில் எழுதிவைத்த இடம் அது. வி. நாகமையாவின் திருவிதாங்கூர் மானுவல் (1906) இந்தத் தீர்மானங்களை எடுத்துக் காட்டிய பிறகு, மேடைப் பேச்சிலும் மலர்க் கட்டுரைகளிலும் அவை 'நாஞ்சில் நாட்டு மக்களாட்சி'யாகவே ஆகிவிட்டன. இங்கிலாந்துக்காரனுக்கு ஒரு மேக்னா கார்ட்டா என்றால் நமக்கும் ஒன்று வேண்டாமா? (மேக்னா கார்ட்டாவே பிரபுக்களின் சாசனம்தான் என்பதை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.)

பெருமைப்பட ஒன்றும் இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறையவே இருக்கிறது. அந்தப் பெருமையைப் பங்கு வைக்கும்போது யார் யாருக்கு இலை போடப்பட்டது என்பதுதான் கேள்வி.

முதலில் அந்தக் காலத்தைப் பார்த்துக்கொள்வோம். இன்றைய தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள்தான் ஏறக்குறையப் பழைய நாஞ்சில் நாடு. பழையாற்றுத் தண்ணீர், கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம், பன்னிரண்டு பிடாகை. ஒவ்வொரு பிடாகையும் சில ஊர்கள் சேர்ந்த கூட்டு. இந்த நெல் வயல்கள் கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிறவனுக்கும் மேற்கே திருவனந்தபுரத்தில் இருப்பவனுக்கும் ஒரே நேரத்தில் கண்ணை உறுத்தின. 1630-களின் நடுவில் திருமலை நாயக்கரின் படை உள்ளே வந்தது. கணியாகுளத்துச் சண்டையில் இரவிக்குட்டிப் பிள்ளை விழுந்தார். அவரைப் பற்றிய கதைப்பாட்டு இன்றும் வில்லுப்பாட்டுக்காரர்களுக்குத் தெரியும். பாட்டுக்கு வராத ஒரு சங்கதி ஓலையில் இருக்கிறது. படை புகுந்து பயிர் செய்ய முடியாமல் போனதால் வரி தள்ளுபடி செய்கிறோம் என்று வேணாட்டரசர் நாஞ்சில் நாட்டாருக்கு எழுதிய நீட்டு அது. 'மங்கலம் முதல் மணக்குடி வரை' என்று எல்லை சொல்லும் வழக்கம் இந்த ஆவணங்களில்தான் நமக்குக் கிடைக்கிறது. அரசன் நாட்டாரை நேரே விளித்து எழுதுகிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். நாட்டார் என்பது அவனுக்கு ஒரு கூட்டு ஆள். பேசத்தக்க, பேரம் பேசத்தக்க ஆள்.

பிறகும் மதுரைப் படை வந்தது. 1697-இல் ராணி மங்கம்மாளின் தளவாய் நரசப்பய்யா வந்து கப்பம் வாங்கிப் போனார். வேணாட்டரசு பலமாக இருந்த காலம் அல்ல அது. எட்டுவீட்டுப் பிள்ளைமார் ஒரு பக்கம், கோயில் யோகக்காரர் ஒரு பக்கம், அரச குடும்பத்துக் கிளைகள் ஒரு பக்கம். மேலே இருப்பவன் பலவீனமானால் கீழே வசூலிக்க வருகிறவன் பலவான் ஆகிவிடுவான். வெளியிலிருந்து வந்தவன் கொள்ளையடித்துவிட்டுப் போனான். உள்ளே இருந்தவன் அதையே கணக்கெழுதிச் செய்தான். நாட்டார் கூடியது இந்த நெருக்கடியில்தான்.

கூடி என்ன முடிவு செய்தார்கள்? சாரத்தைச் சொன்னால் இவ்வளவுதான்: மாமூலாகக் கொடுத்துவந்ததற்கு மேல் கொடுப்பதில்லை. இதனால் ஒருவருக்கோ ஒரு பிடாகைக்கோ வரும் நஷ்டம் நாட்டுக்கெல்லாம் பொது. தனியாகப் போய் அதிகாரியோடு ஒத்துப்போகிறவனை நாடு கேட்கும். வரி மறுப்பைவிட எனக்கு இரண்டாவது அம்சம்தான் பெரிதாகப் படுகிறது. தண்டனையைப் பங்கிட்டுக்கொள்வது என்ற ஏற்பாடு இல்லாமல் எந்தக் கூட்டமும் இரண்டாம் நாள் நிற்காது. பிற்காலத்துத் தொழிற்சங்கம் வேலைநிறுத்த நிதி என்று திரட்டியதை இவர்கள் ஓலையில் எழுதிவைத்திருந்தார்கள். இதற்குத் தமிழ்நாட்டில் முன்மாதிரியும் உண்டு. 1429-இல் காவிரிப் படுகையில் வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் ஒன்றாகக் கூடி, விஜயநகர அதிகாரிகளுக்கும் நிலக்காணி உடையவர்களுக்கும் எதிராக, இன்னதுதான் கொடுப்போம் என்று கோயில் சுவர்களில் கல்வெட்டு வெட்டிவைத்தார்கள். நொபொரு கராஷிமாவும் ஒய். சுப்பராயலுவும் அந்தக் கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். உழுகிறவன், நெய்கிறவன், கைவினைஞன் என்று பல சாதிகள் சேர்ந்து, நிலம் வைத்திருப்பவனையும் எதிர்த்துச் செய்த தீர்மானம் அது. ஆசிரமத்துத் தீர்மானம் அப்படிப்பட்டதா?

இங்கேதான் ஓலைக்கட்டை முழுசாக அவிழ்க்க வேண்டியிருக்கிறது. நாஞ்சில் நாட்டு ஆவணங்களில் பெரும்பகுதி அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்தவை. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அவற்றைத் தேடிப் போய்ப் படியெடுத்தார். 'முதலியார் ஓலைகள்' என்று அறிஞர்களிடையே பெயர் பெற்றது அந்தச் சேகரம்தான். கே.கே. பிள்ளை சுசீந்திரம் கோயிலைப் பற்றி எழுதும்போது இவற்றைப் பயன்படுத்தினார். பின்னாளில் அ.கா. பெருமாள் பதிப்பித்தார். அந்தச் சேகரத்தில் அரசனின் நீட்டு இருக்கிறது, நாட்டாரின் தீர்மானம் இருக்கிறது, நிலம் ஒற்றி வைத்த கணக்கு இருக்கிறது. ஆள் விற்ற ஓலையும் இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வயல்களில் உழைத்த தலித் மக்களை விலைக்கு வாங்கியதற்கும் விற்றதற்கும் முறையாக எழுதப்பட்ட பத்திரங்கள்.

வரிகொடா இயக்கத்தைக் கொண்டாடுகிறவர்கள் முதல் ஓலையைப் படித்துவிட்டுக் கட்டை மூடிவிடுகிறார்கள். அடிமை முறையைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டாவது ஓலையை மட்டும் உருவுகிறார்கள். இரண்டும் ஒரே பத்தாயத்து நெல். புதுவரி கட்டினால் வாழ முடியாது என்று கூடியவர்களின் சொத்துக் கணக்கில் மாடு, வயல், ஆள் மூன்றும் இருந்தன. 'நாங்கள்' என்று அந்தத் தீர்மானம் பேசும்போது அந்த ஆட்கள் அதற்குள் வருகிறார்களா? வரவில்லை. இதில் இன்னொரு முரண்: தீர்மானத்தில் நாட்டார் ஒரு கூட்டுப் பெயராக, முகமில்லாமல் நிற்கிறார்கள். விற்பனை ஓலையில்தான், பொருள் இன்னதென்று அடையாளம் சொல்ல வேண்டிய கட்டாயத்தால், ஆளின் பெயர் வருகிறது. நம் ஆவணங்களில் அடித்தள மனிதன் தன் பெயரோடு நுழைய வேண்டுமென்றால் அவன் விற்கப்பட வேண்டியிருந்தது.

நாடு என்ற அமைப்பைப் பற்றிப் பழைய விவாதம் ஒன்று உண்டு. பர்டன் ஸ்டைன் (1980) நாடுகளை உழவர் சமூகத்தின் இயல்பான அலகுகளாக, அரசு மேலே மிதந்துகொண்டிருக்கத் தாமே இயங்கியவையாகக் கண்டார். கராஷிமா தரப்போ, நாட்டார் என்றால் நிலக்கிழார். பொதுவாக உழவர் என்று சொல்லிப் பூசி மெழுகக் கூடாது என்றது. சோழநாட்டை வைத்து நடந்த இந்த வழக்கில் நாஞ்சில் நாட்டு ஓலைக்கட்டு கராஷிமா பக்கம் சாட்சி சொல்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் ஸ்டைனை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. மேலிருந்து வரும் உத்தரவை நாலு பேர் உட்கார்ந்து பேசி 'இது எங்களுக்கு ஒத்துவராது' என்று சொல்லும் பழக்கம் ஒரு மண்ணில் இருந்தது என்பது சின்ன விஷயமல்ல. அடிமை வைத்திருந்தவர்கள் பழக்கிய பழக்கம் என்பதாலேயே அது அவர்களிடமே தங்கிவிடுவதும் இல்லை.

நாட்டார் கூட்டத்தின் கதை மார்த்தாண்ட வர்மாவோடு (1729–1758) முடிந்துபோகிறது. அவர் பிள்ளைமாரை ஒழித்தது எல்லோருக்கும் தெரியும். அதைவிட அழுத்தமான காரியம் கொல்லம் 914-இல், அதாவது 1739-இல், மல்லன் சங்கரனைக் கொண்டு நடத்திய நில அளவை. யாரிடம் எவ்வளவு நிலம், எவ்வளவு வரி என்று அரசிடமே கணக்கு வந்துவிட்டால் நாட்டாரோடு பேசி முடிவு செய்ய என்ன இருக்கிறது? இனிமேல் வரி நாட்டோடு பேசும் பேச்சல்ல, ஆளோடு பேசும் பேச்சு. கணக்கு என்பது கண்காணிப்பு என்று ஃபூக்கோவைப் படித்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை; பழைய கண்டெழுத்தைப் புரட்டினாலே போதும். பிடாகை என்ற சொல் கோயில் காரியங்களிலும் சாதிச் சடங்குகளிலும் ஒதுங்கிக்கொண்டது.

இந்தக் கணக்கில் ஒருமுறை தீப்பற்றியது. 1799. பாலராம வர்மா பட்டத்துக்கு வந்து ஓராண்டு. ஜெயந்தன் சங்கரன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்து தரகன் மூவர் கூட்டணி கஜானாவை நிரப்ப ஒரு பட்டியல் போட்டது: வசதியுள்ளவர்களைக் கூப்பிட்டு இன்னாருக்கு இவ்வளவு என்று சொல்ல வேண்டியது, கொடுக்காதவனுக்கு சவுக்கு. தலக்குளத்து வேலுத்தம்பிக்கும் ஓலை வந்தது. மூன்று நாள் தவணை கேட்டு ஊருக்கு வந்தவர் தொகையைத் திரட்டவில்லை, ஜனத்தைத் திரட்டினார். தென்பகுதியே எழுந்து திருவனந்தபுரம் கோட்டை வாசலில் போய் நின்றது. மூவரையும் நீக்கு, உப்புவரியையும் புதுத் தீர்வைகளையும் எடு என்றார்கள். அரசர் இணங்கினார். சங்குண்ணி மேனன் 1878-இல் எழுதிய வரலாற்றில் இதை விரிவாகப் படிக்கலாம். நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. வேலுத்தம்பி தளவாய் ஆனார். அவர் காலத்தில்தான் கொல்லம் 978-இல் இன்னொரு கண்டெழுத்தும் நடந்தது. கோட்டை வாசலில் வரியைக் குறை என்று நின்றவர் உள்ளே போனதும் கேட்டது கணக்குப் புத்தகத்தை. இதைத் துரோகம் என்று சொல்ல மாட்டேன். வாசலுக்கு உள்ளே வேறு மாதிரித்தான் இருக்கும் போலிருக்கிறது.

இதுவரை பேசியதெல்லாம் வரி கட்டுகிறவர்களின் கதை. 19-ஆம் நூற்றாண்டில் அரசாணைகளின் பொருளே மாறுகிறது. யாரை விற்கலாம், யார் என்ன உடுத்தலாம் என்று அரசு விளம்பரங்கள் வெளியிட ஆரம்பிக்கிறது. 1812-இல் ராணி கௌரி லட்சுமிபாய் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தார். பாடநூல்களில் பொன்னெழுத்தில் இருக்கும் சங்கதி. ஆனால் நிலத்தோடு கட்டுண்ட வயல் அடிமைகள் அந்த விளம்பரத்துக்கு வெளியே விடப்பட்டார்கள். நாஞ்சில் நாட்டில் அவர்களை விட்டால் அப்புறம் அடிமை என்று சொல்ல எவ்வளவு பேர் மிஞ்சுவார்கள்? முழுவிடுதலைக்கு 1855 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாற்பத்து மூன்று வருஷ இடைவெளியில் எத்தனை கன்னிப்பூ, எத்தனை கும்பப்பூ அறுத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

1829 பிப்ரவரியில் இன்னொரு விளம்பரம். கிறிஸ்தவ நாடார் பெண்கள் (ஆவணங்கள் சாணார் என்றே எழுதும்) மேல்சாதிப் பெண்களைப் போல மேல்முண்டு அணியக் கூடாது, குப்பாயம் போட்டுக்கொள்ளலாம். எதிர்ப்பு எப்படி வந்தது என்பதுதான் இங்கே முக்கியம். இவர்களுக்கு நாட்டுக்கூட்டம் கிடையாது. அரசன் நீட்டு எழுதி விளிக்கும் 'நாட்டார்' அல்ல இவர்கள். லண்டன் மிஷன் பாதிரிமார் வழியாக ரெசிடென்டுக்கும் சென்னைக்கும் மனு போயிற்று. சந்தையில், தெருவில், ரவிக்கை கிழிபட்ட இடத்தில் சண்டை நடந்தது. 1859 ஜூலை 26-இல் வந்த விளம்பரம், மேலே உடுத்திக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிக்காரிகளைப் போல அல்ல என்றது. கொடுக்கிற கையே கொஞ்சம் பிடித்துக்கொண்டும் இருந்தது.

மனுப் போடாத ஒரு வழியும் இருந்தது. மணக்குடிக் கழிமுகத்துக்குச் சற்றுத் தள்ளி, பழைய எல்லைச் சொல்லின்படி நாஞ்சில் நாட்டுக்கு உள்ளேயே இருக்கிறது சாமித்தோப்பு. அங்கே 1830-களில் வைகுண்டசாமி (1809–1851) தலைப்பாகை கட்டச் சொன்னார், ஒரே கிணற்றில் எல்லோரையும் தண்ணீர் இறைக்கச் சொன்னார், சேர்ந்து உண்ணச் சொன்னார். அகிலத்திரட்டு திருவிதாங்கூர் மன்னனைக் கலிநீசன் என்றே அழைக்கிறது. பனை ஏறுகிறவன் மேல் விழுந்த வரிகளையும் ஊழியங்களையும் ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டுகிறது. அவரைச் சிறைபிடித்துத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். அரசன் பெயரைச் சொல்லி வசூலிக்கும் அதிகாரியை எதிர்ப்பது ஆசிரமத்து ஓலை. அரசனே நீசன் என்பது அகிலம். முன்னதை நாம் அரசியல் வரலாறு என்கிறோம். பின்னதைப் பக்தி இலக்கியம், நாட்டார் சமயம் என்று வேறு அலமாரியில் வைக்கிறோம். ரணஜித் குஹா 1983-இல் உழவர் கிளர்ச்சிகளைப் பற்றி எழுதும்போது இந்த அலமாரி வேலையைத்தான் சுட்டிக்காட்டினார்: கிளர்ச்சிக்காரனின் சமய உணர்வை அரசியலுக்கு முந்தைய ஏதோ ஒன்று என்று ஒதுக்கிவிடும் பழக்கம்.

நாட்டாரின் வீட்டுக்குள்ளும் ஒரு நாடு உண்டு. அங்கே கூட்டம் போட உரிமை இல்லாதவர்கள் பெண்கள். நாஞ்சில் வேளாளரிடையே மருமக்கள்வழி. ஆண் செத்தால் சொத்து உடன்பிறந்தாள் பிள்ளைக்கு. பெற்ற பிள்ளைகளுக்கு 'உகந்துடைமை' என்று ஏதோ ஒரு பங்கு, மனைவிக்கு 'நங்குடைமை' என்று ஜீவனாம்சம். தாய்வழி என்றதும் தாய்க்கு அதிகாரம் என்று நினைப்பது தூரத்திலிருந்து பார்ப்பவர்களின் மயக்கம். பத்தாயச் சாவி காரணவரின் இடுப்பில்தான் இருந்தது. இந்த அமைப்பைக் கிழித்துத் தோரணம் கட்டியவர், நாட்டாரின் ஓலைகளைப் படியெடுத்த அதே கவிமணிதான். 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' 1917-18 வாக்கில் பத்திரிகையில் தொடராக வந்தது. ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவியின் வாயால் சொல்லப்படும் கதை. அதில் 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்று ஒரு படலமே இருக்கிறது. கோடு என்றால் கோர்ட்டு. பங்காளிச் சண்டை கோர்ட்டு ஏறி குடும்பமே அழிந்த அனுபவம் நாஞ்சில் நாட்டில் பல தலைக்கட்டுகளுக்கு உண்டு.

நாயர்களுக்கு 1912-இலும் 1925-இலும் சட்டம் வந்தது. ஈழவர்களுக்கு 1925-இல். நாஞ்சில் வேளாளருக்கான ரெகுலேஷன் கொல்லம் 1101-இல், நம் கணக்குக்கு 1926-இல் வந்தது. பாகப்பிரிவினைக்கு வழி பிறந்தது, மனைவி மக்களுக்கு உரிமை வந்தது. அதற்கு முன் சாதிக் கூட்டங்களில் வருஷக்கணக்காக வாதம் நடந்தது. பழைய நாட்டார் கூட்டம் இருநூறு வருஷம் கழித்துச் சமாஜம் என்ற புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, அரசின் மசோதாவை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று முடிவு செய்தது என்று சொல்லலாம். பேசியவர்கள் ஆண்கள். அந்த மசோதாவால் வாழ்வோ சாவோ என்றிருந்தவள் அடுக்களையில் இருந்தாள். அவள் தரப்பு பதிவானது ஓர் ஆண் கவிஞர் அவளுக்காக எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தில்தான். அதில் குறை சொல்லலாம், இரவல் குரல் என்று. ஆனால் அந்த இரவல் குரலையும் கழித்துவிட்டால் 1926-க்கு முந்திய நாஞ்சில் மனைவியின் வழக்கைக் கேட்க நமக்கு வேறு என்ன இருக்கிறது?

இதையெல்லாம் இப்போது கிளறக் காரணம் மணக்குடி. எல்லையைக் குறிக்க மட்டும் ஓலையில் இடம் பெற்ற ஊர். பழையாறு கடலில் சேரும் இடம், மீனவர் ஊர். நெல் வயலின் வரித் தகராறில் கட்டுமரக்காரனுக்கு என்ன வேலை என்று நாட்டார் நினைத்திருக்கலாம். 'வரை' என்ற சொல்லில் அந்த ஊர் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை இலக்கணம் தீர்க்காது. 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி மணக்குடிப் பாலத்தையே தூக்கி எறிந்தபோது அந்தப் பெயர் பத்திரிகைகளில் வந்தது. அடுத்து வந்தது துறைமுகத் திட்டத்தோடு. 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்று முனையம் அமைக்கக் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. கடற்கரை எதிர்த்தது. பிறகு திட்டம் இடம் மாறிக் கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் நடுவில் வந்து நின்றது. மறுபடி எதிர்ப்பு.

உள்நாட்டில் துறைமுகம் வேண்டும் என்று ஒரு தரப்பு கூட்டம் போட்டது. மாவட்டத்துக்கு வேலை வரும், வளர்ச்சி வரும் என்றார்கள். கடற்கரையில் வேண்டாம் என்று கூடினார்கள். கோயில் முற்றங்களில், ஊர் ஊராக, பெண்களும் பிள்ளைகளுமாக. இரு தரப்பும் 'குமரி மாவட்ட மக்கள்' என்றே தம்மைச் சொல்லிக்கொண்டன. உள்நாட்டான் அந்தச் சொல்லைச் சொன்னபோது அதில் மணக்குடி இருந்ததா என்று கேட்டவர்கள் கடற்கரையில்தான் இருந்தார்கள். கணவாய்ப் பக்கத்து வயலில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. பிடாகைக்காரர்கள் ஆசிரமத்தில் கூடி ஓலை எழுதிய அன்றும் மணக்குடியில் வலை காய்ந்துகொண்டுதான் இருந்திருக்கும். அங்கே போய் யாராவது விஷயத்தைச் சொன்னார்களா என்பது ஓலையில் இல்லை.